அண்டாவும் இலையும்

என் தந்தையார் கல்யாண வீடுகளில் சமையல் செய்பவர். முகூர்த்த நாள்களில் நானும் பரிமாறப் போவதுண்டு. கணிப்பொறிப் பாடத்தில் விளங்காத ஒன்று பந்தியில் நின்றபோது எனக்கு விளங்கியது என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும். முதலில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற பருவத்தில், பதிவெண்ணைக் கொடுத்தால் உள்தேர்வு மதிப்பெண்ணைக் காட்டும் நிரல் ஒன்றை ஜாவா மொழியில், ஸ்பிரிங் என்னும் கட்டமைப்பைக் கொண்டு எழுதினேன். தனியே சோதித்தபோது ஒரு குறையும் இல்லை. ஆய்வகத்தில் வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் திறந்தபோது, ஒருவர் திரையில் வேறொரு நண்பரின் மதிப்பெண் வந்து நின்றது. அந்நண்பர் தவறிய தாள் அது. பலரும் எட்டிப் பார்த்துவிட்டனர். அவர் ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டார். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

பிழை எங்கே? ஆப்ஜெக்ட் என்பது நிரலுக்குள் தனக்கென நினைவும் தொழிலும் உடைய ஓர் உறுப்பு. நாம் வேறு விதமாகச் சொல்லாதவரை, ஸ்பிரிங் நாம் பதிவு செய்யும் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரே ஓர் ஆப்ஜெக்டை உண்டாக்கி, கேட்பவர் அனைவருக்கும் அதையே கொடுக்கும். இதை உணராமல், வந்தவரின் பதிவெண்ணை அந்தப் பொது ஆப்ஜெக்டின் நினைவிலேயே எழுதி வைத்தேன். ஒருவர் எண்ணை எழுதி மதிப்பெண்ணை எடுப்பதற்குள், அடுத்தவர் எண் அதன்மேல் விழுந்தது.

அப்படியானால் பகிர்வதே தவறோ? அன்று. டேட்டாபேஸ் இணைப்பை எடுத்துக்கொள்வோம். போஸ்ட்கிரஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனியாக ஒரு பிராசஸைத் தொடங்குகிறது. நாம் மாற்றாவிட்டால் அதன் உச்ச அளவு பெரும்பாலும் 100 இணைப்புகள்தாம். ஆகவே சில இணைப்புகளைத் திறந்து வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துவர். ஹிகாரி என்னும் தொகுப்பில் இயல்பான உச்சம் 10. ஆளுக்கொரு தொகுப்பு வைத்துக்கொண்டால் பத்துப் பேரிலேயே வாசல் அடைபடும்! இத்தொகுப்பு ஒன்றே இருக்க வேண்டும்.

இனிப் பந்திக்கு வருவோம். என் தந்தையார் அண்டா வாங்குவதில்லை. இன்னின்ன வேண்டும் என்று பட்டியல் கொடுப்பார். கல்யாண வீட்டார் வாடகைக்கு எடுத்து வந்து வைப்பர். ஆப்ஜெக்டும் தனக்குத் தேவையானதைத் தானே உண்டாக்காமல், வேண்டும் என்று மட்டும் சொல்ல, வெளியிலிருந்து கொடுக்கும் முறைதான் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன். மார்ட்டின் ஃபௌலர் 2004இல் எழுதிய கட்டுரையால் இப்பெயர் நிலைத்தது. 1994இல் வெளிவந்த டிசைன் பேட்டர்ன்ஸ் நூல் கூறும் சிங்கிள்டன் முறையில், நான் ஒருவனே என்று கிளாஸே தீர்மானித்துக்கொள்ளும். இங்கோ ஒன்றா பலவா என்பதைக் கல்யாண வீட்டார் தீர்மானிக்கின்றனர். சோதனையின்போது உண்மையான டேட்டாபேஸுக்குப் பதில் போலியொன்றைக் கொடுக்கலாம் என்பது கூடுதல் வசதி.

மைக்ரோசாப்டின் ஏஎஸ்பி டாட் நெட் கோர் இதில் மூன்று ஆயுள்களைச் சொல்கிறது. சிங்கிள்டன், கல்யாணம் முழுமைக்கும் ஒரே அண்டா. ஸ்கோப்டு, ஒரு விருந்தாளிக்கு ஓர் இலை. சாம்பார்க்காரரும் பாயசக்காரரும் அவருக்கு அந்த இலையில்தான் பரிமாறுவர். டிரான்சியன்ட், கேட்கும்தோறும் புதிய காகிதக் குவளை. நான் செய்தது என்ன? ஊருக்கெல்லாம் ஒரே இலை போட்டுவிட்டேன்!

இலையை அண்டாவோடு ஒட்டிவிடுவது இன்னொரு பிழை. நீண்ட ஆயுள் உடையது குறுகிய ஆயுள் உடையதைப் பிடித்துக்கொண்டால், முதல் விருந்தாளியின் இலை கடைசிவரை அங்கேயே கிடக்கும். ஏஎஸ்பி டாட் நெட் கோர், நிரலை உருவாக்கும் கட்டத்திலேயே இதைக் கண்டு பிழை என்று நிறுத்திவிடும். என் பிழையை எந்தக் கட்டமைப்பும் அவ்வாறு நிறுத்தவில்லை. பொது நினைவில் என்ன எழுதுகிறோம் என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

திருத்தம் மூன்று வரிதான். பதிவெண்ணை ஆப்ஜெக்டின் நினைவிலிருந்து நீக்கி, ஒவ்வொரு கேள்வியோடும் சேர்த்து அனுப்பினேன். ஆப்ஜெக்ட் ஒன்றாகவே இருக்கிறது. பிறகு அந்த நண்பரையே அழைத்து வந்து ஆய்வகத்தில் பக்கத்தில் அமர்த்தினேன். இருவரும் ஒரே நொடியில் அவரவர் எண்ணைத் தட்டினோம். ஒருமுறை போதாதென்று இருபது முறை தட்டினோம். அவர் திரையில் அவருடையது, என் திரையில் என்னுடையது. என் கணக்குத்தாள் மதிப்பெண்ணும் பிறர் பார்க்கத் தக்கதன்று. திரையைத் திருப்பி நானே அவருக்குக் காட்டினேன்.