துப்பாக்கித் துடைப்பும் காரீயத் தூசும்

துப்பாக்கி உள்ள வீட்டில் பெரியவர்கள் அஞ்சுவது அது தவறி வெடித்துவிடுமோ என்பதற்கே. தோட்டாவை ஓரிடத்திலும் துப்பாக்கியை வேறோரிடத்திலும் பூட்டிவைத்தால் கவலை தீர்ந்தது என்று எண்ணுகிறார்கள். நல்ல பழக்கந்தான். ஆயினும் பூட்டுக்குள் அடங்காத பொருள் ஒன்றும் அத்துப்பாக்கியோடு வீட்டுக்குள் வருகிறது. அதுதான் காரீயம்.

தாம்பரத்தில் விமானப்படைத் தளமும், பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகமும் உள்ளன. இவ்வட்டாரத்தில் படையிலிருந்து ஓய்வு பெற்றோர் பலர் குடியிருப்பது இயல்பே. அவர்களுள் சிலர் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கின்றனர். குறி பார்த்துச் சுடும் போட்டிகளுக்குப் பயிலும் இளைஞர்களும் உளர். இவ்விரு சாராருக்காகவே பேசுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்க வேண்டும். நம் பாட்டிமார் ரசம் வைத்த ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது தூயதாயின் தீங்கில்லை. தோட்டாவில் இருப்பதோ காரீயம். இரண்டையும் ‘ஈயம்’ என்றே வழங்குவதால், “ஈயத்தில் சமைத்தே உண்டோமே, என்ன ஆயிற்று?” என்று கேட்பவரை நான் கண்டிருக்கிறேன்.

குண்டு பெரும்பாலும் காரீயம். தோட்டாவின் அடியில் தீப்பொறி எழுப்பும் மருந்திலும் பலவற்றில் காரீய உப்பு உண்டு. சுட்டவுடன் இவற்றின் ஆவியும் நுண்துகளும் குழலினுள்ளும், சுட்டவர் கையிலும் சட்டையிலும் தலைமயிரிலும் படிகின்றன. வீட்டில் அமர்ந்து குழலைத் தூரிகையால் தேய்க்கும்போது அந்தத் துகள் மீண்டும் வெளியே பறக்கிறது. தாத்தா துண்டில் கையைத் துடைத்துக்கொள்கிறார்; அதே துண்டில் பேரனுக்கு வாயும் துடைக்கிறார்.

விழுங்கிய காரீயத்தை, பெரியவர் உடலைவிட இளங்குழந்தையின் உடல் நான்கைந்து மடங்கு மிகுதியாக ஏற்கிறது. அது எலும்பில் பல ஆண்டுகள் தங்கும். கருவுற்ற காலத்தில் தாயின் எலும்பிலிருந்து கரைந்து சிசுவையும் அடையும். மூளை வளர்ச்சியையே தாக்கும். இவ்வளவு இருந்தால் தீங்கில்லை என்று கூறத்தக்க அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. காய்ச்சலோ வலியோ இன்றி நேர்வதால் இதை யாரும் கவனிப்பதில்லை.

என்ன செய்யலாம்? தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, சமையலறையை விட்டு விலகி, காற்றோட்டமான தாழ்வாரத்தில் பழைய செய்தித்தாளை விரித்துத் துடையுங்கள். கையுறை அணியுங்கள். உலர்ந்த துணியால் தேய்க்காமல் எண்ணெயில் நனைத்தே தேய்த்தால் தூசு பறக்காது. அவ்வேளையில் வெற்றிலை, காப்பி, புகை எதுவும் வேண்டாம். முடிந்ததும் தரையைப் பெருக்காதீர்கள். விளக்குமாறு துகளைக் காற்றில் எழுப்பிவிடும். ஈரத்துணியால் துடைப்பதே முறை. கிருமிநாசினித் திரவம் காரீயத்தை அகற்றாது. சோப்பும் ஓடும் நீருமே அகற்றும். செருப்பை வாசலில் விடும் நம் வழக்கம் இங்கே பெரிதும் உதவுகிறது. சுட்டுப் பயின்று வந்தவர் குளித்து உடை மாற்றிய பின்னரே குழந்தையைத் தூக்கட்டும். அவ்வுடையைத் தனியே துவைக்க வேண்டும். எண்ணெய்த் துணிகளை மூடிய உறையில் இட்டு அப்புறப்படுத்துங்கள், எரிக்கலாகாது.

இவ்வட்டாரத்துக்கே உரிய தொல்லை ஒன்றுண்டு. கடற்காற்றின் ஈரத்தால் இரும்பு துருப்பிடிக்கிறது. ஆகவே அடிக்கடி துடைக்க நேர்கிறது. ஈரம் பட்ட காரீயக் குண்டின்மீது வெண்மையான மாவு போன்ற படலம் தோன்றும். அதை வெறுங்கையால் தட்டிவிடக் கூடாது; அதுவும் காரீயமே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் வீடுகளுக்குள் நீர் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தோட்டாப் பெட்டியைக் காற்றுப் புகாத கலத்தில், உயரமான பூட்டிய அலமாரியில் வையுங்கள். தோலுறைக்குள் துப்பாக்கியை நெடுநாள் விடவேண்டாம். தோல் ஈரத்தையும் தூசையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

காற்றுத் துப்பாக்கியை விளையாட்டுப் பொருளாகக் கருதுவோர் மிகுதி. அதில் இடும் சிறு குண்டு, கடையில் பெல்லட் என்பார்களே, அதுவும் பெரும்பாலும் காரீயமே. கை ஓயாதபோது சிறுவர்கள் அதை வாயில் அடக்கிக்கொள்வதுண்டு. இதைத்தான் நான் எல்லாவற்றினும் அஞ்சுகிறேன். அந்த டப்பாவையும் தோட்டாவைப் போலவே பூட்டிவைக்க வேண்டும்.

ஐயம் தோன்றினால் மருத்துவரிடம் சென்று இரத்தத்தில் காரீய அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள். குழந்தையின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021-இல் வரையறுத்தது. வீட்டில் துப்பாக்கி துடைக்கப்படுகிறது என்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் அதை ஊகித்துக் கேட்கமாட்டார்.