கைகண்ட மருந்தும் கணக்கெடுத்த மருந்தும்

மும்பைக்கும் கல்யாணுக்கும் இடையே ஓடும் மின்சார ரயில்களில், மூட்டுவாதம், மகப்பேறின்மை முதலியன சில நாட்களில் தீருமெனக் கூறும் சிறு விளம்பரத் தாள்களைப் பிரயாணிகள் பலரும் கண்டிருப்பர். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் பற்றிய ஆட்சேபகர விளம்பரச் சட்டம், குறிப்பிட்ட பல நோய்களுக்கு இவ்வாறு விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. தாயத்தும் மந்திரமும் இத்தடைக்கு உட்பட்டவையே.

இருப்பினும், "எனக்குக் குணமாயிற்று" என்று சான்று கூறுவோர் உளரே எனலாம். மூட்டுவலி ஒரு காலத்தில் மிகும், பிறிதொரு காலத்தில் தானே தணியும். வலி மிக்க வேளையிலேயே மனிதன் புதுமருந்தை நாடுகிறான். பின்னர் இயற்கையாக நேரும் தணிவு மருந்தின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

இம்மயக்கத்தை நீக்கும் வழி ஒப்பீடு ஆகும். 1897-இல் மும்பையில் பிளேக் நோய் பரவியபோது, ஹாஃப்கின் தமது தடுப்பு மருந்தை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். பின்னர் பைக்குல்லா சிறையில், தாமாக முன்வந்த கைதிகளுக்கு மட்டும் அது செலுத்தப்பட்டது. அதே உணவுண்டு அதே சுவர்களுக்குள் வாழ்ந்த ஏனையோரைவிட அவர்களிடம் நோய் குறைவாகவே காணப்பட்டது. பரேலிலுள்ள ஆராய்ச்சி நிலையம் 1925 முதல் அவர் பெயரைத் தாங்கி வருகிறது.

விளம்பரத்தை நம்பி இன்சுலினை நிறுத்தும் நீரிழிவு நோயாளி உயிரையே இழக்கக்கூடும். ஆகவே, மருந்துண்டு குணமானோர் எத்தனை பேர் என்பதோடு, உண்ணாமலே குணமானோர் எத்தனை பேர் என்றும் வினவுதல் வேண்டும்.