ஒன்றைத் தேடினால் பன்னிரண்டு வந்தது ஏன்?

எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணக் கணக்கை நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரும்படி செயலாளர் கேட்டார். வீட்டுக்கு ஒரு செக் பாக்ஸ் வைத்து ஒரு வெப் பக்கம் தயாரித்தேன். 1ஆம் எண் வீட்டுக்காரர் பணம் கட்டினார். அந்தக் கட்டத்தை மட்டும் டிக் செய்திட ஒரு வரி எழுதினேன். 12 கட்டங்களில் டிக் விழுந்தது! கட்டாத 11 வீடுகளும் கட்டியதாகக் கணக்கில் ஏறிவிட்டன. கையிருப்புப் பணம் கணக்கோடு ஒத்துப் போகாததால்தான் தவறு தெரிந்தது.

தவறு எங்கே என்று பார்ப்போமா?

வெப் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் அட்ரிபியூட் என்னும் பண்புகள் உண்டு. என் செக் பாக்ஸ்களில் வேல்யூ என்ற பண்பின் மதிப்பாக வீட்டு எண்ணைக் கொடுத்திருந்தேன். இப்படி மதிப்பை வைத்துப் பொருளைத் தேடிப் பிடிக்க ஜேக்வெரி உதவுகிறது. இது 2006ல் ஜான் ரெசிக் வெளியிட்ட இலவச ஜாவா ஸ்கிரிப்ட் லைப்ரரி. சதுர அடைப்புக்குள் பண்பின் பெயர், ஒரு குறியீடு, மேற்கோள் குறிக்குள் மதிப்பு என்று தர வேண்டும். நடுவில் உள்ள குறியீடுதான் முக்கியம். மதிப்பு 1 என்று கொடுத்தால் கிடைப்பவை:

= மதிப்பு அப்படியே இருக்க வேண்டும். 1 மட்டும் கிடைக்கும்.

^= மதிப்பு 1ல் தொடங்க வேண்டும். 1 மற்றும் 10 முதல் 19 வரை, மொத்தம் 11.

$= மதிப்பு 1ல் முடிய வேண்டும். 1, 11, 21 என மூன்று.

*= மதிப்பில் எந்த இடத்திலாவது 1 இருந்தால் போதும். மேலே சொன்ன 11 வீடுகளுடன் 21ம் சேர்ந்து 12.

நான் போட்டது *=. அதனை வெறும் = என மாற்றியதும் சரியாகிவிட்டது. கம்ப்யூட்டருக்கு 1 என்பது இங்கே எண் அல்ல, ஓர் எழுத்து. அந்த எழுத்து உள்ள இடத்தையெல்லாம் அது பிடித்துத் தந்தது.

இந்த நான்கு குறியீடுகளையும் இன்றைய பிரவுசர்கள் ஜேக்வெரி இல்லாமலேயே புரிந்துகொள்கின்றன. எதில் எழுதினாலும், மாற்றம் செய்திடும் முன் எத்தனை பொருட்கள் சிக்கியுள்ளன என்று லெங்த் மூலம் எண்ணிப் பாருங்கள். ஒன்று வேண்டிய இடத்தில் பன்னிரண்டு வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஒன்றுமே சிக்காவிட்டால் ஜேக்வெரி பிழைச் செய்தி எதுவும் காட்டாது என்பதால், அதற்கும் இந்த எண்ணிக்கை உதவும்.