பல்கலைக்கழகம் கிடையாவிட்டால்

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வந்ததும் வல்வெட்டித்துறை வீடுகளில் எழும் கேள்வி ஒன்றே: "கம்பஸ் கிடைக்குமோ?" மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தால் விண்ணப்பிக்கலாம், இடமோ இசட் புள்ளியைப் பொறுத்தது. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியவை. இடம் கிடையாத பிள்ளை தோற்ற பிள்ளையல்ல என்பதை நாம் முதலில் பெற்றோருக்கே சொல்லவேண்டியிருக்கின்றது. நகையை அடகு வைத்து வெளிநாட்டு முகவரிடம் கொடுக்குமுன் சற்றுப் பொறுங்கள்.

தேசிய தொழிற்தகைமையில் 7 மட்டங்கள் உள்ளன. நான்குவரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். ஆகவே இயந்திரம் திருத்தப் பழகும் பிள்ளைக்கும் பட்டம்வரை படியுண்டு. யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியிலும், கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகத்திலும் விசாரிக்கலாம்.

இவ்வூரில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' பாய்க்கப்பல் 1938இல் இவ்வூர் மாலுமிகளோடு அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. தொழிலைக் கடலிலேயே கற்றவர்கள் அவர்கள். இன்று அப்படிக் கற்றவருக்கும் கடதாசி வேண்டும். தகப்பனோடு பட்டறையில் பழகியவர், வகுப்புக்குப் போகாமலே, மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்து காட்டி, முன்கற்றலுக்கான சான்றிதழ் பெற வழியுண்டு. செய்த வேலைகளின் படங்களையும் கடிதங்களையும் இப்போதே சேர்த்து வையுங்கள்.