மசோதா நிறைவேறியது, சட்டம் எங்கே?

புதுச் சட்டம் வந்துவிட்டதாகப் புலனத்தில் ஒரு செய்தி பரவும். உண்மையா என்று பார்க்கக் கைத்தொலைபேசியில் தேடுவோம். ஒன்றும் வராது. 'சிஸ்டம் கோளாறு' என்று சொல்லி மூடிவிடுவோம். கெடா மாநிலத்தின் மெர்கோங் தொழிற்பேட்டையில் இயந்திரத்தின் முன் நிற்பவரானாலும், பாலிங் பக்கம் செம்பனைக் குலை வெட்டுபவரானாலும் இதுதான் அனுபவம். தளம் முடங்கிப்போகும் நாள்களும் உண்டு. ஆனால் பெரும்பாலும் பழுது தளத்தில் இல்லை. நாம் தேடும் இடத்தில் இருக்கிறது.

மலேசியாவில் ஒரு கூட்டரசுச் சட்டத்தைத் தேட மூன்று இடங்கள் உள்ளன. மசோதா நாடாளுமன்ற இணையத்தளத்தில் இருக்கும். அரசிதழில் வெளியானவை மின் அரசிதழ்த் தளத்தில் இருக்கும். திருத்தங்களைச் சேர்த்த முழுச் சட்டம், சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தின் 'மலேசியச் சட்டங்கள்' தளத்தில் இருக்கும். ஓர் இடத்தில் இருப்பது அதே நாளில் அடுத்த இடத்திலும் இருக்கும் என்று எண்ணுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

இதற்கு 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் திருத்தத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. பிரசவ விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாகவும், வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகவும் மாற்றிய திருத்தம் அது. தந்தையருக்கு 7 நாள் விடுப்பும் தந்தது. 2021-இல் தாக்கலானதால் மசோதாவின் பெயரில் 2021 என்று இருக்கும். மார்ச் 2022-இல் இரு அவைகளும் நிறைவேற்றியதால் சட்டத்தின் பெயரில் 2022 என்றாகிவிட்டது, எண் ஏ1651. ஆண்டைக் குறிப்பிட்டுத் தேடுகிறவர் ஒரு தளத்தில் கண்டதை மற்றதில் காணமாட்டார். ஆகவே ஆண்டை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் தட்டுங்கள். அதையும் மலாயில் தட்டுங்கள்: 'Akta Kerja', 'Pindaan'. எழுத்து ஒன்று பிசகினாலும் பல வேளை வெறும் பக்கம்தான் வரும்.

சரி, சட்டம் கிடைத்துவிட்டது. 2022 மே 10-இல் அரசிதழிலும் வந்துவிட்டது. அப்படியானால் மே 11-இலிருந்து 98 நாள் விடுப்பா? இல்லை. கூட்டரசு அரசமைப்பின் 66-ஆவது பிரிவுப்படி மாமன்னரின் இசைவு கிடைத்ததும் மசோதா சட்டமாகிறது. ஆனால் அரசிதழில் வெளிவராமல் எதுவும் நடப்புக்கு வராது. வெளிவந்த பிறகும் அமலாக்கத்தைத் தள்ளிவைக்க அதே பிரிவு இடம் கொடுக்கிறது. ஏ1651-இன் முதல் பிரிவு, அமைச்சர் குறிக்கும் நாளில் சட்டம் அமலுக்கு வரும் என்கிறது. முதலில் செப்டம்பர் 1 என்றார்கள். ஆகஸ்டு இறுதியில் அதை 2023 ஜனவரி 1-க்குத் தள்ளினார்கள். இடையில், 2022 அக்டோபரில் பிள்ளை பெற்ற தொழிலாளிக்குச் சட்டம் கட்டாயமாக்கியது பழைய 60 நாளைத்தான். அதற்கு மேல் கொடுப்பது முதலாளியின் மனத்தைப் பொறுத்தது. புலனத்தில் வந்த செய்தி பொய்யில்லை, நாள்தான் வரவில்லை.

அந்த நாளைச் சட்டத்துக்குள் தேடினால் கிடைக்காது. மின் அரசிதழில் பி.யூ.(ஏ), பி.யூ.(பி) என்று இரண்டு வரிசைகள் உண்டு. ஆணைகளும் விதிமுறைகளும் முதல் வரிசையில் வரும். அமலாக்க நாளைக் குறிக்கும் அறிவிப்பும் நியமனங்களும் இரண்டாவதில் வரும். சட்டத்தைப் படித்துவிட்டு பி.யூ.(பி)-யைப் பார்க்காதவர் பாதி வழியில் நின்றுவிட்டார் என்றே சொல்வேன்.

தோட்டத்து மக்களுக்கு இதைவிட முக்கியமானது பி.யூ.(ஏ). குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் என்று நாடாளுமன்றத் தளத்தில் எவ்வளவு தேடினாலும் இன்றைய தொகை அகப்படாது. 2011-ஆம் ஆண்டு தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டத்தின் கீழ் அமைச்சர் பிறப்பிக்கும் ஆணையில்தான் தொகை இருக்கிறது. அந்த ஆணை மசோதாவாக அவைக்கு வருவதில்லை. 1,500 வெள்ளி 2022 மே 1-இல் அப்படித்தான் வந்தது. 1,700 வெள்ளி 2025 பிப்ரவரி 1-இல் அப்படித்தான் வந்தது. ஐந்து பேருக்கும் குறைவான ஆள்களை வைத்திருக்கும் முதலாளிகளுக்கு ஆகஸ்டு 1 வரை தவணை கொடுத்ததும் அதே ஆணைதான். பால்மரத்தில் எடைக்குக் கூலி வாங்குபவரும் குலைக்கும் டன்னுக்கும் கூலி வாங்குபவரும் அதில் அடக்கம். 'உனக்கு அடிப்படைச் சம்பளமே இல்லையே, இது எப்படிப் பொருந்தும்' என்று கிராணி கேட்டால் காட்ட வேண்டியது ஆணையில் இதைச் சொல்லும் பத்தியைத்தான்.

ஆணையின் கடைசிப் பக்கம் வரை போகவேண்டும் என்பதற்கு 2020 சாட்சி. அந்த ஆண்டு மாநகர, நகராண்மைக் கழகப் பகுதிகளில் குறைந்தபட்சச் சம்பளம் 1,200 வெள்ளி. மற்ற இடங்களில் 1,100 வெள்ளி. எந்தக் கழகம் எதில் சேரும் என்பது பின்னிணைப்பில் இருந்தது. அலோர் ஸ்டார் மாநகரமாதலால் மெர்கோங்கில் 1,200. மாவட்டக் கழகத்தின் கீழ் இருந்த பாலிங்கில் 1,100. முதல் பக்கத்தைப் படித்தவருக்கு இந்த நூறு வெள்ளி தெரிந்திருக்காது.

எண் மாறிப்போவதும் உண்டு. நிலப் பிரச்சினைக்காரர்கள் 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தை 56-ஆம் எண்ணில் தேடிக்கொண்டிருப்பார்கள். 2020-இல் திருத்திப் பதிப்பித்த பின் அதன் எண் 828. பழைய இணைப்பு வேலை செய்யவில்லை என்றால் பெயரால் தேடிப் பாருங்கள்.

திருத்தச் சட்டத்தை மட்டும் இறக்கிப் படிப்பதில் பயனில்லை. இந்தச் சொல்லை எடு, அந்தச் சொல்லைப் போடு என்றுதான் அதில் இருக்கும். முழுச் சட்டத்தின் தொகுப்பைத் திறந்து, எந்தத் தேதி வரையிலான திருத்தங்கள் சேர்ந்துள்ளன என்று முகப்பில் பாருங்கள். அதற்குப் பிந்தைய திருத்தங்களை அரசிதழில் தனியே தேடவேண்டும்.

மூன்று தளத்திலும் இல்லையா? ஒருவேளை அது மாநில விவகாரம். நிலமும் ஊராட்சியும் பெரும்பாலும் கெடாவின் கையில். அவற்றைப் பற்றிய மாநிலச் சட்டங்கள் அலோர் ஸ்டார் விஸ்மா டாருல் அமானில் கூடும் சட்டமன்றத்தில் நிறைவேறி மாநில அரசிதழில் வருபவை. கூட்டரசுத் தளத்தில் இரவெல்லாம் விழித்திருந்தாலும் அவை வராது.

ஒரு சாதாரணத் தொழிலாளி தன் சம்பளத்தைத் தெரிந்துகொள்ள இத்தனை கதவு தட்ட வேண்டியிருப்பது நியாயமில்லை. மசோதா, அரசிதழ், அமலாக்க நாள், முழுச் சட்டம் நான்கையும் ஒரே பக்கத்தில் கோத்துத் தருவது அரசாங்கத்தால் முடியாத காரியமும் அல்ல. அது நடக்கும் வரை, தொழிலாளர் இலாகாவுக்குப் புகாரோடு போகிறவர்கள் புலனச் செய்தியைக் காட்டாதீர்கள். ஆணையின் பி.யூ. எண்ணையும் அமலாக்க நாளையும் ஒரு தாளில் எழுதி, சம்பளச் சீட்டோடு சேர்த்து எடுத்துச் செல்லுங்கள்.