விடுதிச் சோற்று மிச்சம்: மாட்டுக்கு ஆகாது, கலனுக்கு ஆகும்

கல்லூரி மாணவர் விடுதிகளில் மிஞ்சுகிற சோறு, இட்லி, சாம்பார் முதலியவற்றைப் பக்கத்துக் கிராமத்து விவசாயிகள் டிரம்மில் வாங்கி வந்து கறவை மாட்டுக்கு வைப்பது பல ஊர்களில் வழக்கம். காசில்லாமல் கிடைக்கும் தீனி என்பதே காரணம். ஆனால் இந்தத் தீனி சில சமயம் மாட்டின் உயிருக்கே உலை வைத்துவிடும்.

மாட்டின் முதல் வயிறு வைக்கோல், புல் போன்ற நார்த்தீனிக்கு ஏற்றது. வெந்த சோறு ஒரேயடியாக உள்ளே போனால், அது வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலமாகிறது. வயிற்றிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன. மாடு தீனி எடுக்காது, அசை போடாது, இடது வயிறு உப்பும், பல்லைக் கடிக்கும், சாணம் தண்ணீராகப் புளிப்பு வாடையுடன் போகும். கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாளில் இறந்துவிடும். பொங்கலுக்கு மறுநாளும் கல்யாணத்துக்கு மறுநாளும் கால்நடை டாக்டர்களிடம் வரும் நோய்களில் இதுவும் ஒன்று. அறிகுறி கண்டவுடன் 100 கிராம் ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, புரையேறாமல் மெதுவாகப் புகட்டி, தாமதமின்றி டாக்டரை அழைக்க வேண்டும். விடுதியிலிருந்து மாட்டுக்கு என்று வாங்குவதானால், முட்டைக்கோஸின் வெளி இலை, வாழைக்காய்த் தோல் போன்ற பச்சைக் கழிவை மட்டும், அதுவும் அளவோடு வாங்குவது நல்லது.

சரி, சோற்றை என்ன செய்வது? குப்பைமேட்டில் கொட்டுவதும் சரியல்ல. காற்றுப் புகாத குவியலுக்குள் அது அழுகி மீதேன் வாயுவை வெளிவிடுகிறது. பூமியைச் சூடேற்றுவதில் இந்த வாயு, 100 ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வலியது. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் கல்லூரிகளும் விடுதிகளும் மக்கும் குப்பையை இயன்றவரை தம் வளாகத்திலேயே பக்குவப்படுத்த வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் வகுத்தன.

வெளியே வீணாகும் அதே மீதேனை மூடிய கலனில் பிடித்தால் அடுப்பெரிக்கலாம். சாண எரிவாயுக் கலன் விவசாயிகளுக்குப் புதிதல்ல. 1 கன மீட்டர் வாயுவுக்கு 25 கிலோ சாணம் வேண்டும். சமையல் கழிவானால் சுமார் 10 கிலோ போதும். மாடு தின்று சத்தை எடுத்துக்கொண்ட பிறகு வருவதுதானே சாணம்! 100 கிலோ கழிவிலிருந்து கிடைக்கும் 10 கன மீட்டர் வாயு ஏறத்தாழ நாலரை கிலோ சிலிண்டர் வாயுவுக்குச் சமம். அதாவது 19 கிலோ சிலிண்டர் ஒன்று நாலு நாளைக்கு ஒருமுறை மிச்சம்.

கலனை முதலில் சாணக் கரைசலால் நிரப்பி, வாயு வரத் தொடங்கிய பிறகே சமையல் கழிவைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். கழிவை அரைத்து, சம அளவு தண்ணீர் கலந்து விடுவது முறை. எலுமிச்சைத் தோல், எலும்பு, முட்டை ஓடு, பாலிதீன் ஆகியவை கூடாது. ஆசைப்பட்டு அளவுக்கு மீறிப் போட்டால், மாட்டு வயிற்றுக்கு வந்த அதே புளிப்பு நோய் கலனுக்கும் வரும், வாயு எரியாது. அப்போது சில நாட்கள் கழிவை நிறுத்தி, சாணக் கரைசல் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

விவசாயிக்கு லாபம் வெளிவரும் கரைசலில்தான். 100 கிலோ கழிவும் 100 லிட்டர் தண்ணீரும் விட்டால் தினமும் ஏறக்குறைய 200 லிட்டர் கரைசல் வரும். கல்லூரிக்கு அது தொல்லை, வயலுக்கு எரு. ஆகவே சோற்று டிரம்முக்குப் பதில் கரைசல் டிரம்மைக் கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். தழைச்சத்து இதில் வீணாவதில்லை. பாசன நீரோடு கலந்து பாய்ச்சலாம். சருகின் மேல் ஊற்றி மக்கவும் வைக்கலாம். விடுதிச் சாப்பாட்டில் உப்பு உண்டு என்பதால், களர் நிலத்தில் மட்டும் யோசித்து விட வேண்டும்.

கலன் வந்துவிட்டது என்று சோற்றை வீணாக்கலாம் என்பதல்ல. 1 கிலோ நெல் விளைய சராசரி 2,500 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு. முதல் நாள் மாலையே மறுநாள் சாப்பிடுவோர் எண்ணிக்கையை எடுப்பதும், குறைவாகப் பரிமாறி வேண்டுவோர்க்கு மீண்டும் போடுவதும் செலவில்லாத வழிகள். மாதச் செலவை மாணவர்களே பங்கிட்டுக்கொள்ளும் விடுதிகளில் மிச்சம் அவர்கள் பைக்கே திரும்புகிறது.

கலன் இல்லாத விடுதியிலிருந்து சோற்றை வாங்கியே ஆகவேண்டுமானால், வயலோரக் குழியில் ஒரு பங்கு சோற்றுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகு அல்லது வைக்கோல் என்று அடுக்கடுக்காகப் போட்டு, இடையிடையே சாணக் கரைசல் தெளித்து, மேலே மண்ணிட்டு மூட வேண்டும். மாடும் நாயும் கிளறாமல் குழியைச் சுற்றி முள் வைப்பது அவசியம்.