வாயில் வைத்ததும் கரையும் நெய் பிஸ்கட்: பாட்டியின் கைப்பதம் கிராம் கணக்கில்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே தோட்டத்து லயங்களிலும் பட்டணத்து அடுக்குமாடிகளிலும் ஒரே வாசம் வரத் தொடங்கிவிடும். முறுக்கு, அச்சுமுறுக்கு, ஓமப்பொடி, அதிரசம் என்று எத்தனை பலகாரம் இருந்தாலும், திறந்த இல்ல உபசரிப்பில் முதலில் காலியாகும் போத்தல் பெரும்பாலும் நெய் பிஸ்கட்டாகத்தான் இருக்கும். மலாய்க்கார அண்டை வீட்டாரும் சீன நண்பர்களும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிடும் பலகாரம் அது.

பார்த்தால் எளிது. நெய், சீனி, மாவு என்று மூன்றே பொருள்கள். ஆனால் வீட்டில் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த மூன்றும் சேர்ந்து எப்படியெல்லாம் காலை வாரும் என்று. ஒருமுறை கல் போல இறுகிப் போகும். மறுமுறை தட்டில் ஓடிப் பரவிவிடும். அடுத்த முறை வெடித்துப் பிளந்து கிடக்கும்.

பாட்டியிடம் அளவு கேட்டால், "மாவு கேட்கிற அளவுக்கு நெய் ஊற்று" என்பார். மாவு என்ன கேட்கிறது என்பது அவருடைய விரலுக்குத் தெரியும். கேட்ட பேத்திக்குத் தெரியாது. இப்படித்தான் பல வீடுகளில் பலகாரத்தின் பதம் ஒரு தலைமுறையோடு நின்றுபோகிறது. அந்தக் கைப்பதத்துக்குள் இருக்கும் காரணங்களைப் புரிந்துகொண்டால், ஓவன் வாங்கி ஒரு வாரம் ஆனவர்கூட முதல் முறையிலேயே நல்ல பிஸ்கட் சுடலாம்.

நெய் ஏன், வெண்ணெய் ஏன் இல்லை?

கோதுமை மாவில் ஒருவகைப் புரதம் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் அது நூல் நூலாகப் பின்னிக்கொள்ளும். ரொட்டி சானாய் மாவை இழுத்து வீச முடிவது இந்தப் பின்னலால்தான். பிஸ்கட்டுக்கு அதுவே எதிரி. பின்னல் விழுந்தால் பிஸ்கட் இறுகும்.

வெண்ணெயில் ஏறக்குறைய 80 விழுக்காடுதான் கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். நெய்யில் தண்ணீர் அநேகமாக இல்லை. உருக்கிக் காய்ச்சும்போதே அது ஆவியாகிவிடுகிறது. நெய் மாவுத் துகள்களைச் சுற்றிப் போர்வை போல மூடிக்கொள்வதால் பின்னல் விழ வழியில்லை. அதனால்தான் நெய் பிஸ்கட் கடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் நாக்கில் பொலபொலவென்று உதிர்கிறது. நெய் பிஸ்கட்டில் முட்டையும் பாலும் சேர்க்காததற்கும் இதுவே காரணம்.

வட இந்தியாவின் நான்கட்டாய், அரபு நாடுகளின் குரைபா, மலாய்க்காரர் வீட்டு பிஸ்கட் சூஜி ஆகிய எல்லாம் இதே குடும்பம்தான்.

மாவை ஏன் வறுக்க வேண்டும்?

அவசரத்தில் பலர் விட்டுவிடும் படி இது. கடையில் வாங்கும் மாவு உலர்ந்தது போலத் தெரிந்தாலும், அதன் எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருக்கும். நம் ஊர் மழைக்காலத்தில் திறந்து வைத்த பொட்டலம் இன்னும் ஈரம் இழுக்கும். மெல்லிய தீயில் வறுத்தால் அந்த ஈரம் போகும், பச்சை மாவு வாடையும் போகும்.

இரண்டு பண்டான் இலைகளைத் துண்டு துண்டாக வெட்டி மாவோடு போட்டு வறுப்பது இங்குள்ள வழக்கம். வாசத்துக்கு மட்டுமல்ல, அது ஓர் அடையாளமும்கூட. இலை காய்ந்து, தொட்டால் நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டால் மாவிலும் ஈரம் போய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம். பத்து முதல் பதினைந்து நிமிடம் ஆகும். மாவின் நிறம் மாறக்கூடாது. மாறினால் தீ அதிகம்.

பிஸ்கட் என்ற சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் இருமுறை சுட்டது என்று பொருள். இன்று கடையில் விற்கும் பெரும்பாலான பிஸ்கட்டுகள் ஒரே முறைதான் சுடப்படுகின்றன. நம் நெய் பிஸ்கட்டின் மாவோ வாணலியில் ஒருமுறை, ஓவனில் ஒருமுறை என்று இரண்டு தடவை சூடு காண்கிறது.

தேவையான பொருள்கள் (ஏறக்குறைய 55 பிஸ்கட்டுகளுக்கு)

சாதாரண கோதுமை மாவு: 400 கிராம் வறுத்து, ஆறிய பிறகு சலித்து, அதில் 350 கிராம்
நெய்: 200 கிராம்
ஐசிங் சீனி: 130 கிராம்
உப்பு: கால் தேக்கரண்டி
சோடா உப்பு: கால் தேக்கரண்டி
ஏலக்காய்த் தூள் அல்லது வெண்ணிலா: அரைத் தேக்கரண்டி

ரொட்டிக்கு விற்கும் மாவு வேண்டாம், அதில் புரதம் அதிகம். வறுத்த பின் மாவின் எடை குறைந்துவிடும் என்பதால், வறுத்து ஆறிய பிறகுதான் நிறுக்க வேண்டும். பலருக்கு அளவு தவறுவது இந்த இடத்தில்தான். குவளையால் அளப்பதும் நம்பத்தக்கதல்ல. அமுக்கி நிரப்பிய குவளைக்கும் தூவி நிரப்பியதற்கும் நிறைய வித்தியாசம் வரும். இருபது முப்பது வெள்ளிக்குக் கிடைக்கும் சிறிய மின் தராசு ஒன்று இருந்தால், வீணாகும் நெய்யிலேயே அந்தக் காசு திரும்பிவிடும்.

செய்யும் முறை

முதலில் நெய். மதிய வேளையில் நம் வீட்டுச் சமையலறையில் நெய் பாதி உருகிய நிலையில் இருக்கும். உருகிய நெய்யில் காற்று தங்காது. எனவே கிண்ணத்தோடு அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, விரலால் அழுத்தினால் அமுங்கும் பதத்தில் எடுக்க வேண்டும்.

நெய்யோடு ஐசிங் சீனியும் உப்பும் சேர்த்து, அடிக்கும் இயந்திரத்தால் ஐந்து முதல் ஏழு நிமிடம் அடிக்க வேண்டும். மஞ்சள் நிறம் வெளுத்து, கலவை பஞ்சு போல உப்பி வரும். பிஸ்கட் இலேசாக இருப்பது இப்போது உள்ளே போகும் காற்றால்தான். இயந்திரம் இல்லாத காலத்தில் அகலமான பாத்திரத்தில் நெய்யையும் சீனியையும் போட்டு உள்ளங்கையால் கால் மணி நேரம் தேய்த்தார்கள். இன்றும் அது நன்றாகவே வரும்.

ஐசிங் சீனி இல்லாவிட்டால் சாதாரணச் சீனியை மாவு போல அரைத்துக்கொள்ளலாம். அரைக்காத சீனி போட்டால் பிஸ்கட் நறநறக்கும், பரவவும் செய்யும்.

அடுத்து, நன்றாக ஆறிய மாவையும் சோடா உப்பையும் ஏலக்காயையும் சலித்து, மூன்று தவணையாகச் சேர்க்க வேண்டும். மாவில் சூடு இருந்தால் நெய் உருகிக் கலவை குழைந்துவிடும். கரண்டியால் கிளறி, கடைசியில் மட்டும் விரல் நுனியால் ஒன்று சேர்த்தால் போதும். சப்பாத்தி மாவு போலப் பிசையக் கூடாது. பிசையப் பிசையக் கைச்சூட்டில் நெய் உருகும், அடித்துச் சேர்த்த காற்று வெளியேறும்.

பதம் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் பிடித்தால் கொழுக்கட்டை போலப் பிடிபட வேண்டும். பெருவிரலால் அழுத்தினால் உடைய வேண்டும். பிடிபடாமல் உதிர்ந்தால் ஒரு தேக்கரண்டி நெய். கையில் எண்ணெய்ப் பளபளப்போடு ஒட்டினால் ஒரு மேசைக்கரண்டி மாவு. பாட்டி சொன்ன "மாவு கேட்கும்" பதம் இதுதான்.

12 கிராம் அளவில் சிறு உருண்டைகளாகப் பிடித்து, தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, கால் மணி நேரம் குளிர்பெட்டியில் வைக்கலாம். 150 பாகை செல்சியஸில் முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 18 முதல் 20 நிமிடம் சுட வேண்டும். மேற்பகுதி சிவக்க வேண்டியதில்லை. ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பகுதி இளம் பொன்னிறமாக இருந்தால் போதும்.

வெளியே எடுத்ததும் தொட்டால் மெத்தென்று இருக்கும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே தள்ளுவதால்தான் பல வீடுகளில் பிஸ்கட் கல்லாகிறது. தட்டிலேயே பதினைந்து நிமிடம் தொடாமல் விட்டால் தானாக நிலைத்துக்கொள்ளும்.

ஓவன் இல்லாதவர்களுக்கு

தோட்டங்களில் ஓவன் எட்டிப் பார்க்காத காலத்திலும் பிஸ்கட்டும் கேக்கும் சுட்டார்கள். சட்டிக்குக் கீழே தணல், மூடியின் மேலே தேங்காய் மட்டைக் கனல். மேலும் கீழும் சூடு கிடைக்க அதுதான் வழி.

இன்று அதே வேலையை அடிகனமான பாத்திரம் செய்யும். உள்ளே ஒரு விரற்கடை உயரத்துக்குக் கல்லுப்பு பரப்பி, மேலே ஒரு வளையத் தாங்கி வைத்து, மூடி போட்டுப் பத்து நிமிடம் சூடாக்க வேண்டும். பிறகு சிறு தட்டில் பிஸ்கட்டை வைத்து, மிக மெல்லிய தீயில் 20 முதல் 25 நிமிடம் விடலாம். காற்றுப் பொரிப்பான் வைத்திருப்பவர்கள் சூட்டை 140 பாகைக்குக் குறைத்து, பத்தாவது நிமிடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதன் விசிறி மேற்பகுதியைச் சீக்கிரம் சிவக்க வைக்கும்.

எங்கே தவறியது?

பிஸ்கட் வெடித்துப் பிளந்தால் மாவு அதிகம் அல்லது உருண்டையைச் சரியாகப் பிடிக்கவில்லை. பரவித் தட்டையானால் நெய் உருகியிருந்தது அல்லது ஓவன் போதிய சூடாகவில்லை. இறுகினால் அதிக நேரம் சுட்டது காரணம், அல்லது நெய்க்குப் பதில் வெண்ணெய் சேர்ந்தது. சவர்க்காரம் போல நாக்கில் சுவை தட்டினால் சோடா உப்பு கூடிவிட்டது. போத்தலில் போட்ட மறுநாள் நமத்துப் போனால் சூடு ஆறும் முன் மூடியிருக்கிறார்கள். கைபொறுக்கும் சூடு போதாது, முழுதாக ஆற வேண்டும். காற்றுப் புகாத போத்தலில், வெயில் படாத இடத்தில் வைத்தால் மூன்று வாரம் தாங்கும்.

பழைய நெய்யை வைத்துச் சுட வேண்டாம். காறிப்போன வாடையை எந்த ஏலக்காயும் மறைக்காது. பிள்ளைகள் பச்சை மாவுக் கலவையை நக்கிச் சாப்பிடுவதையும் தடுப்பது நல்லது. வீட்டில் வறுப்பதால் மாவில் உள்ள கிருமிகள் முழுதும் அழிந்துவிடும் என்று சொல்ல முடியாது.

விற்க நினைப்பவர்களுக்கு

வீட்டு வருமானத்துக்குக் கைகொடுக்கும் தொழிலாகப் பல பெண்கள் தீபாவளிப் பலகார ஆர்டர் எடுக்கிறார்கள். அவர்கள் அடிக்கடி செய்யும் பிழை, நெய், மாவு, சீனி விலையை மட்டும் கூட்டி விலை வைப்பது. போத்தல், மின்சாரம், உடைந்து போன பிஸ்கட், கொண்டுபோய்க் கொடுக்கும் பெட்ரோல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தங்கள் உழைப்பு நேரம் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பத்து நாள் தூக்கம் கெட்டு, கையில் ஒன்றும் மிஞ்சாது. அளவு எழுதி வைத்திருந்தால்தான் ஒரு போத்தலுக்கு எவ்வளவு நெய் போகிறது என்று கணக்குப் போட முடியும்.

மலேசியாவில் வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் நிறுவன ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயரில் என்றால் 60 வெள்ளி. உணவைக் கையாள்பவர்களுக்கு டைபாய்டு தடுப்பூசியும் உணவு கையாளும் பயிற்சியும் தேவை. சிங்கப்பூரில் வீவக வீட்டிலிருந்து சிறிய அளவில் செய்ய உரிமம் தேவையில்லை. ஆனால் அந்த வீட்டில் வசிக்காதவரை வேலைக்கு வைக்கக் கூடாது, விளம்பரப் பலகை மாட்டக் கூடாது, உணவுப் பாதுகாப்பு வழிகாட்டிகளைப் பின்பற்ற வேண்டும்.

எத்தனை சாப்பிடலாம்?

மேலே சொன்ன அளவில் ஒரு பிஸ்கட்டில் மூன்றரை கிராம் நெய்யும் இரண்டு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகச் சீனியும் இருக்கும். ஏறக்குறைய 60 கலோரி. பேச்சு சுவாரசியத்தில் ஐந்து உள்ளே போனால் ஒன்றரைக் கிண்ணம் சோற்றுக்குச் சமம். நீரிழிவு உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால், உருண்டையை 8 கிராமாகச் சிறிதாக்கி, சுடும் நேரத்தில் மூன்று நிமிடம் குறைக்கலாம். அவர்களுக்கும் ஒன்று சாப்பிட்ட நிறைவு கிடைக்கும்.

இந்த ஆண்டு பலகாரம் சுடும்போது ஒரு காரியம் செய்யலாம். பாட்டியோ அம்மாவோ தம் வழக்கப்படி கையால் அள்ளிப் போடட்டும். போடும் முன் பாத்திரத்தைத் தராசின் மேல் வைத்து, பேத்தி ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்ளட்டும். மேலே உள்ள அளவுக்கும் அதற்கும் பத்து இருபது கிராம் வித்தியாசம் இருக்கக்கூடும். அந்த வித்தியாசம்தான் அந்த வீட்டு ருசி. அதை ஒரு தாளில் எழுதிச் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டால், அடுத்த தீபாவளிக்கு யார் சுட்டாலும் அதே பிஸ்கட் வரும்.